ஐம்பது கிலோவும் ஒரு சிரட்டையும்

மாமரத்துக் கிளையில் விற்றராசைக் கட்டியவன் என் மைத்துனன். மீன் வாடியில் பாரையும் அறக்குளாவும் நிறுக்கிற தராசு அது. சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் கொண்டுவந்தான், ஆனாலும் வாடை போகவில்லை. "கதிர்காமத்துக்குப் போகிற பையை மீன் தராசிலா நிறுப்பது?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகே முதல் பை கொக்கியில் ஏறியது. மகன் முள்ளைப் பார்த்து வாசித்தான், நான் கொப்பியில் எழுதினேன். என்னுடையது 17.4 கிலோ. மனைவியுடையது 12.8. மகனுடையது 9.6. அம்மாவின் துணிப்பை 6.1. ஒன்பது வயது மகளின் பை 4.7. மொத்தம் 50.6 கிலோ. குடிதண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதில் சேரவில்லை.

நான் பண்டகசாலையொன்றில் இருபத்திரண்டு வருடம் இருப்புப் பதிவேடு எழுதியவன். வந்தது, போனது, மிஞ்சியது என்று மூன்று நிரல் கீறினால்தான் எனக்கு எதுவும் விளங்கும். அந்தப் பழக்கத்தில் இந்த ஆயத்தத்தையும் ஆறு கிழமை நாள் தவறாமல் எழுதிவைத்தேன். கீழே வருவது அதிலிருந்து எடுத்தது. கணக்குப் பிழைத்த இடங்களையும் மறைக்கவில்லை. அந்தப் பிழைகளில் பாதிக்கு மேல் என் சொந்தப் பையில் இருந்தவை.

எந்த நடை, யார் யார்

வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு வழியாக எங்கள் ஊரான திருகோணமலைக்கு வந்து, கோணேசரை வணங்கிவிட்டு, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கிப் போகும். முழுவதும் நடப்பதென்றால் ஒன்றரை மாதமளவில் பிடிக்கும். எனக்குக் கிடைத்த விடுமுறையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரு கிழமைக்கு மேல் இடம் தரவில்லை. அதனால் உகந்தை வரை பஸ், உகந்தை முருகனிடமிருந்து குமண, யால காடுகளுக்குள்ளாகக் கதிர்காமம் வரை நடை என்று தீர்மானித்தோம். ஆடிவேல் விழாவை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டுமே அந்தக் காட்டுப் பாதை திறக்கப்படும். பிள்ளைகளோடும் முதியவரோடும் போனால் ஏறத்தாழ ஐந்து நாள். உள்ளே கடை கிடையாது. மறந்த பொருளை யாரிடமும் போய் வாங்க முடியாது. அடியார்களுக்காக ஆங்காங்கே தண்ணீர்த் தாங்கிகள் வைக்கிறார்கள், அன்னதானமும் நடக்கிறது. ஆனால் ஒரு தாங்கிக்கும் அடுத்த தாங்கிக்கும் இடைப்பட்ட வெயில் நம்முடையது.

காலமும் லேசான காலம் அல்ல. கச்சான் காற்று வீசுகிற மாதங்கள். (எங்கள் பக்கத்தில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். இந்தக் காற்று உடம்பைக் கடலையைப் போலவே வறுத்தெடுக்கும் என்பதால் எனக்கு அந்தப் பெயர்ப்பொருத்தம் பிடிக்கும்.) பாலைப்பழம் சந்தைக்கு வருகிற காலமும் அதுவே. அந்தப் பழத்துக்காகக் கரடிகள் அலைகிற காலமும் அதுவேதான்.

போகிறவர்கள் ஐந்து பேர்: நான் 68 கிலோ, மனைவி 57, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகன் 49, மகள் 26, அம்மா 46. அம்மாவுக்கு வயது 69, இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். வைத்தியர் பார்த்துவிட்டு, தினமும் நடந்து பழகினால் போகலாம் என்றார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி வைத்திருந்தபடியால் அன்றைக்கே செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, விடியற்காலையில் பிரட்றிக் கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் மலை வரை ஏறி இறங்கத் தொடங்கினார். இரண்டாம் கிழமையில் கோட்டைக்குள் திரியும் மான்கள் அவரை அடையாளம் கண்டு பின்னால் வந்தன. பக்தி காரணம் என்று அம்மா சொல்கிறார். வாழைப்பழத் தோல் காரணம் என்று மகள் சொல்கிறாள்.

சுமக்கக்கூடியது எவ்வளவு

வளர்ந்தவர் தன் உடல் நிறையில் ஐந்திலொரு பங்கையும் சிறுபிள்ளை பத்திலொரு பங்கையும் தாண்டிச் சுமக்காமல் இருப்பது நல்லது என்பது நடைப்பயணக்காரர்களிடையே வழக்கத்தில் இருக்கும் அளவு. அதை வைத்து எனக்கு 14, மனைவிக்கு 11 என்று போட்டேன். மகன் இன்னும் வளர்கிற பிள்ளை என்பதால் 8. மகளுக்கு 2.5. அம்மாவுக்கு எந்த அளவும் பார்க்காமல் 3.5. கூட்டினால் 39 கிலோ.

அடுத்தது தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ, அதில் பேரம் பேச இடமில்லை. ஐந்து பேருக்கு எவ்வளவு என்பதைக் கன்னியா வீதியில் நடந்து பார்த்தபோது கண்டுபிடித்தோம். பட்டணத்திலிருந்து வெந்நீர்க் கிணறுகள் எட்டுக் கிலோமீற்றர் அளவில்தான். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் ஐவரும் 6.5 லீற்றர் குடித்திருந்தோம். அந்த வேகத்தில், ஓரிடத்தில் நிரப்பினால் அடுத்த இடம் பிந்தினாலும் தாங்குவதற்கு 11 லீற்றராவது கையில் இருக்கவேண்டும். 39இல் 11 போனால் 28. கிளையில் தொங்கியதோ 50.6. ஏறக்குறைய பாதியை வீட்டில் விட்டுப் போகவேண்டும் என்று விற்றராசு தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தாளை விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சல்லி வரை

எடுப்பதா விடுவதா என்று வீட்டுக்குள் உட்கார்ந்து வாதாடினால் முடிவு வராது என்பதை முதல் ஒத்திகை நடை காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய 5.15 மணிக்கு, நிறுத்தபடியே பைகளைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக் கடற்கரையில் இறங்கிச் சல்லி அம்மன் கோவிலை நோக்கி நடந்தோம். காட்டுப் பாதையிலும் மணல் நிறைய உண்டு என்பதால் வேண்டுமென்றே மணலைத் தேர்ந்தெடுத்தேன். வீதியில் மணித்தியாலத்துக்கு நான்கு கிலோமீற்றர் நடக்கிற குடும்பம் மணலில் இரண்டரையைத் தாண்டவில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் என் பையின் இடது தோள்வார் தையலோடு பிரிந்து வந்தது. பட்டணத்துக் கடையொன்றில் புதிதாக வாங்கிய பை, பார்வைக்கு மலையேறுகிறவன் பைதான். உள்ளே புரட்டிப் பார்த்தால், வார் சேருமிடத்தில் ஒற்றைத் தையல். மைத்துனன் அதை வாடிக்குக் கொண்டுபோய், வலை பொத்துகிற மாதிரி உட்கார்ந்து, தங்கூசி என்கிற நைலோன் மீன்பிடி நூலால் தைத்துத் தந்தான். முதலில் துணியை இரண்டாக மடித்து ஓரத்தைச் சுட்டுக்கொண்டான். பின்பு ஊசியை உள்ளிருந்து குத்தி வெளியே இழுத்து, ஒவ்வொரு இழைக்கும் ஒரு முடிச்சு. முடிச்சுப் போடுமுன் நூலை எச்சிலால் நனைத்துக்கொண்டான், காய்ந்த தங்கூசி இறுகும்போது சூடேறித் தேய்ந்துவிடுமாம். "அத்தான், பை கிழிந்தாலும் இந்த இடம் கிழியாது" என்றான். மற்ற நான்கு பைகளின் வார்களையும் அன்றிரவே அவனிடம் கொடுத்தேன்.

மகளின் குதிக்காலில் கொப்புளம். காரணம் புதுச் சப்பாத்து. பயணத்துக்கென்று புதிதாக வாங்கிக் கொடுப்பது பெற்றோரின் ஆசை, பாதத்துக்கு அந்த ஆசை புரியாது. அவளுடைய பழைய வார்ச் செருப்பையும், தோல் நெகிழ்ந்துபோன பழைய ஓட்டச் சப்பாத்தையும் எடுத்துவைத்தோம். காலுறை மூன்று சோடி: ஒன்று காலில், ஒன்று பையின் வெளிப்பக்கத்தில் காய, ஒன்று படுக்கும்போது போட. உறுத்துகிறது, சுடுகிறது என்று பிள்ளை சொன்ன நிமிடமே நின்று அந்த இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டவேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவது வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுகிற வேலை.

பை கட்டுவதிலும் அன்று ஒரு பாடம். நான் பாரமானதையெல்லாம் அடியில் போட்டிருந்தேன், பண்டகசாலையில் அப்படித்தான் அடுக்குவோம். முதுகில் அது பின்னுக்கு இழுத்தது. படுக்கைத் துணியை அடியிலும், அரிசி பருப்பை முதுகை ஒட்டி நடுவிலும் வைத்து, இடுப்புப் பட்டியை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் இறுக்கியபோது அதே பாரம் தோளை விட்டு இறங்கியது. இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

வெளியே போனவை

மற்றவர்களின் பைகளில் தேவையற்றதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. மகனின் பையில் பாடப்புத்தகங்கள் 1.9 கிலோ, இரண்டு ஜீன்ஸ் 1.4. "படிக்கத்தானே அப்பா" என்றான். ஐந்து நாளில் எத்தனை பக்கம் என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஜீன்ஸ் ஈரமானால் காயாது, தொடையை உரசும். அதற்குப் பதில் ஒரு சாரம் போதும். கட்டலாம், போர்க்கலாம், ஆற்றில் குளித்துவிட்டு மறைத்து உடை மாற்றலாம், நான்கு முனையையும் முடிந்தால் பையாகவும் ஆகும்.

மனைவியின் மருந்துப் பை 2.3 கிலோ. எல்லாம் முழுப் போத்தல்கள், சித்தாலேப தைலம் மட்டும் மூன்று. "காட்டில் பிள்ளைக்கு ஏதும் ஆனால் உங்கள் கொப்பியைக் கரைத்தா கொடுப்பது?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. அதனால் மருந்துகளைக் குறைக்கவில்லை, போத்தல்களைக் குறைத்தோம். பனடோல் இரண்டு அட்டை, காயத்துக்கு மருந்து, பிளாஸ்ரர், துணிப் பட்டி, முள்வாங்கி, உண்ணி பிடுங்கவும் அதுவே, வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் பத்துப் பைகள். ஜீவனி ஒரு பைக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற கணக்கு மாறக்கூடாது, கரைத்து 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடவேண்டும். அது தீர்ந்துபோனால் ஒரு லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மகளுக்கு அதை மனப்பாடம் செய்வித்தோம். அம்மாவின் குளிசைகளைப் பத்து நாளுக்கு வாங்கி இரண்டாகப் பிரித்து இரண்டு பேரின் பையில் வைத்தோம், ஒரு பை தவறினாலும் மற்றது இருக்கும். மருந்துப் பை 0.6 கிலோவுக்கு இறங்கியது.

என் பைக்கு நானே நீதிபதியாக இருந்தபடியால் அதில் எதுவும் மிகையாகத் தெரியவில்லை. மனைவிதான் மூன்றாம் நாள் அதைப் பாயில் கவிழ்த்தாள். 20 மீற்றர் நைலோன் கயிறு 2.2 கிலோ. நான்கு பெரிய பற்றரி போடுகிற ரோர்ச் 1.1. காட்டுக்கத்தி 0.7. லொறியை மூடுகிற தடிப்பில் ஒரு தறப்பாள் 3.4. கடின அட்டைப் பதிவேடு 0.8. "இந்தக் கயிற்றால் எதைக் கட்டப்போகிறீர்கள்? யானையையா?" என்று கேட்டாள். நெற்றியில் கட்டும் சின்ன விளக்கு, பழம் வெட்டும் கத்தி, 1.5 கிலோ மெல்லிய தறப்பாள், 40 பக்கக் கொப்பி என்று மாற்றியபோது என் பை 11 கிலோவுக்கு வந்தது. கயிற்றை அடியோடு விட்டேன். அது ஒரு பிழை. நான்கு மீற்றர் மெல்லிய கயிறாவது எடுத்திருக்கவேண்டும். துணி காயப்போடவும் தறப்பாள் மூலையை இழுத்துக் கட்டவும் ஐந்து நாளும் பிறரிடம் கடன் வாங்கினேன்.

மகளின் பையில் அடியில் ஒரு கரடிப் பொம்மை இருந்தது. உண்மைக் கரடியைக் கண்டால் இதைக் காட்டி நண்பர் என்று சொல்லப்போகிறாளாம். பொம்மை நின்றது, வண்ணப் பென்சில் பெட்டியும் நாலு சட்டையும் பெரிய தண்ணீர்ப் போத்தலும் போயின.

அம்மாவோடுதான் பேச்சு நீண்டது. சிறு குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு 1.1 கிலோ, பட்டுச் சேலை. விளக்குக்கும் சேலைக்கும் இணங்கினார். செம்புக்கு இணங்கவில்லை. "கிண்ணியாவில் பாலம் இல்லாத காலத்தில் என் ஐயா இதைத் தலைமூட்டைக்குள் வைத்துத்தான் பாதைப்படகில் ஏறி இறங்கிக் கதிர்காமம் போய்வந்தார்" என்றார். அந்தப் பாலம் 2009இல் திறந்தது, நீளம் 396 மீற்றர், பஸ்ஸில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறோம். முன்பு துறைக்குத் துறை இறங்கி ஏறியவர்களுக்குத் தலையில் எது நிற்குமோ அதுதான் பயணச் சாமான். நானும் அந்த நியாயத்தையே திருப்பிப் பேசினேன்: அவருடைய ஐயா மூட்டையில் பிளாஸ்ரிக் போத்தல் இல்லை, ஆகவே செம்பு தேவைப்பட்டது, நம்மிடம் ஐந்து போத்தல் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் செம்பை எடுத்துச் சாமியறையில் வைத்தார். வாதத்தில் வென்றுவிட்டேன் என்று கொப்பியில் 1.1 கழித்தேன்.

இரண்டாம் முறை நிறுத்தபோது 11.0, 7.2, 5.4, 1.6, 2.9. மொத்தம் 28.1. அந்த நூறு கிராமை யாரும் கேட்கவில்லை.

பத்துக் கிலோச் சாப்பாடு

அந்த 28.1இல் 10 கிலோ உணவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் உலர்ந்த பொருள். அன்னதானத்தை நம்பிப் போகவில்லை, கிடைத்தபோது மகிழ்ச்சியோடு உட்கார்ந்தோம். மூன்றரைக் கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அவல் ஒன்றரை, தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதுமான சமபோஷ ஒரு கிலோ, பேரீச்சம்பழம், கச்சான், பனங்கட்டி, பால்மா. மிச்சம் ஒன்றரைக் கிலோவும் பயற்றம் உருண்டை. விரத காலம் என்பதால் மாசி, கருவாடு பேச்சுக்கே இடமில்லை.

உருண்டையை ஆறு கிழமைக்கு முன்பே சோதனைக்குச் செய்தாள் மனைவி. வழக்கமான முறையில் வறுத்து இடித்த பயற்றம் மாவில் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிடித்தவை ஆறாம் நாள் ஊசிவிட்டன. தேங்காய்ப்பூவை எவ்வளவு வறுத்தாலும் எங்கோ ஈரம் நிற்கிறது. இரண்டாம் முறை தேங்காய் இல்லாமல், வறுத்த எள்ளும் தடித்த பனங்கட்டிப் பாகும். பதினைந்தாம் நாள் கடித்தபோது பல்லுக்கு வேலை வைத்தன, மணம் மாறவில்லை. நடக்கிறவனுக்குக் கடினமான உருண்டை ஒரு வகையில் நல்லது, ஒன்றே அரை மணித்தியாலம் வாயில் நிற்கும்.

உணவை நாள்வாரியாக ஐந்து துணிப்பைகளில் கட்டினோம். காட்டுக்குள் பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது, அது வேறு. நாள்வாரியாகக் கட்டினால் முதல் நாளே ஐந்தாம் நாளின் பேரீச்சம்பழத்தைத் தின்ன முடியாது என்பதுதான் எங்கள் வீட்டுக் காரணம். வாழைப்பழம், அன்னாசி போன்ற மணக்கிற பழங்களை இரவில் படுக்கிற இடத்தில் வைக்கக்கூடாது, யானைக்கு மூக்கு நீளம்.

முற்றத்தில் ஓர் இரவு

கடைசிக்கு முந்தின சனிக்கிழமை வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் தங்கினோம். மூன்று கல் வைத்து ஒரே பானையில் சோறும் பருப்பும். தீப்பெட்டி வியர்வையில் நமுத்துப்போனது, மறுநாள் மூடி இறுகிய சின்ன டப்பாவுக்கு மாறியது. இரவு ஒரு மணிக்கு மகள் எழுப்பினாள். விளக்கு என் பையின் அடியில். அதைத் தேடி எல்லாவற்றையும் கொட்டியதில் அடுத்த வீட்டு நாய் குரைத்து ஒழுங்கை முழுவதும் விழித்தது. அன்றிலிருந்து விளக்கு, தண்ணீர், பிளாஸ்ரர், அடையாள அட்டைகள், ஒரு நேர உணவு ஐந்தும் கை எட்டும் வெளிப்பையில். யார் பையில் என்ன என்பதை ஐவரும் ஒப்புவிக்கவேண்டும். அம்மா மட்டும் தன் பையில் என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லவில்லை. "உன் கணக்கு சரியாக வந்துவிட்டதுதானே, விடு" என்றார்.

பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருகோணமலையில் விடியற்காலை ஏறினோம், மட்டக்களப்பில் மாறினோம், பொத்துவிலில் மாறினோம், பாணமையைத் தாண்டி உகந்தையில் இறங்கினோம். பைகளை பஸ்ஸின் முன்பக்கத்தில் போட்டுவிட்டு வழி முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காட்டில் தெரிந்தது

உகந்தையில் பெயர் பதிந்து, ஐம்பது அறுபது பேர் கொண்ட கூட்டத்தோடு அரோகரா சொல்லிப் புறப்பட்டோம். உள்ளே எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். என் மகளைக்கூட "சின்னச் சாமி" என்றார்கள். முதல் இரண்டு நாள் கணக்கெல்லாம் சரியாக நின்றது. குமணவைக் கடந்து, யாலவுக்கு எல்லையாக ஓடுகிற கும்புக்கன் ஆற்றில் குளித்தோம், துணி தோய்த்தோம். தங்கூசித் தையல் அசையவில்லை.

மூன்றாம் நாள் எதிர்பார்த்த இடத்தில் தாங்கி வெறுமையாக இருந்தது. எங்களிடம் மூன்று லீற்றரளவில் மிச்சம். அனுபவமுள்ள சாமி ஒருவர் வறண்ட ஓடைக்குள் இறங்கி, மணலின் நிறம் கறுத்த இடமாகப் பார்த்துக் கைகளால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஈரம், இன்னும் ஒரு சாண் போனதும் ஊற்று. தண்ணீர் தெளிவாகத்தான் ஊறியது, ஆனால் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் நிற்கவில்லை. நான் பெருமையோடு போத்தலைச் சரித்தேன். ஒடுங்கிய கழுத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, மணல்தான் ஏறியது. போத்தலை ஊற்றுக்குள் அழுத்தினால் ஓரம் இடிந்து குழி கலங்கியது. எவர்சில்வர் தட்டு வாய்க்குப் பெரிது. கோப்பையின் விளிம்பு தடித்து மணலைக் கிளறியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அம்மா வந்து என்னை விலகச் சொன்னார். பையின் வாரில் சணலால் கட்டியிருந்த ஒரு சிரட்டையை அவிழ்த்தார். எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சிரட்டை, உள்ளும் புறமும் சுரண்டி வழவழப்பாக்கியது. பக்கவாட்டில் மெதுவாகத் தண்ணீரின் மேல்தோலைத் தொட்டு, மணலைத் தொடாமல் அள்ளினார். சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துப் போத்தல் வாயில் பிடித்து அதன்மேல் ஊற்றினார். ஒரு போத்தலுக்குப் பதினாறு முறை அள்ளவேண்டியிருந்தது, மகள் எண்ணினாள். நிரம்பிய போத்தல்களில் குளோரின் குளிசை போட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு முப்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரட்டை கை மாறிக் கை மாறிக் கூட்டம் முழுவதும் போய், ஒரு மணித்தியாலம் கழித்து அம்மாவிடம் திரும்பி வந்தது.

செம்பை விடச் சொன்னேன், விட்டார். "சிரட்டையை விடச் சொல்லி நீ கேட்கவே இல்லையே" என்றார் அம்மா அன்றிரவு.

வீடு திரும்பியபோது கொப்பியில் கடைசி நிரலை எழுதினேன்: கொண்டுபோயும் தொடாதவை. சமபோஷவில் பாதி. இரண்டாவது மின்சேமிப்பான், காட்டுக்குள் பெரும்பாலும் சிக்னலே இல்லை. மகனின் மூன்றாவது சட்டை. சீப்பு ஐந்தில் நான்கு. நான் யாருக்கும் காட்டாமல் கடைசி நிமிடத்தில் திரும்பவும் உள்ளே வைத்த காட்டுக்கத்தி 0.7 கிலோ. கொண்டுபோகாமல் தேடியவை: மெல்லிய கயிறு, உப்பு இன்னும் ஒரு பிடி, அம்மாவின் பாதத்தில் இரவில் பூச நல்லெண்ணெய்.

சிரட்டைக்கும் ஒரு வரி போட்டேன். எடை நிரலை நிரப்ப அதை வாங்கப் போனபோது அம்மா அதைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தார். விற்றராசு அதற்குள் மீன் வாடிக்குத் திரும்பப் போய்விட்டது.